பெயர் வரிசையை முதலிலேயே எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் சிறப்பு மருத்துவராகப் பதிவு பெற, தேர்வோடு ஓர் ஆய்வையும் முடித்தாக வேண்டும். டர்பன் மருத்துவமனைகளில் பயிற்சியிலிருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும் இதே விதிதான். அந்த ஆய்வு கட்டுரையாக வரும்போது அவர்கள் பெயர் எங்கே நிற்கிறது என்பதுதான் எங்கள் கவலை.

மருத்துவக் கட்டுரையில் முதல் பெயர் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவருக்கு, கடைசிப் பெயர் வழிநடத்திய மூத்தவருக்கு என்பது வழக்கம். அமெரிக்காவின் ஆறு முன்னணி இதழ்களில் அந்நாட்டு மருத்துவர்களை எண்ணிப் பார்த்தார்கள். 1970-இல் முதல் பெயர்களில் பெண்கள் 5.9 சதவீதம், 2004-இல் 29.3. கடைசிப் பெயர்களிலோ 3.7-இலிருந்து 19.3 வரைதான் வந்தது. டர்பனிலிருந்தே குரைஷா அப்துல் கரீம், எச்.ஐ.வி. தடுப்பு ஜெல் பற்றிய 2010 கட்டுரையின் முதல் ஆசிரியராக நின்றார். ஆனால் அப்படிப்பட்ட இடம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழு நான்கு தகுதிகளைக் கேட்கிறது: ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவு திரட்டி அலசுவதிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவது அல்லது ஆழமாகத் திருத்துவது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பது. கோளாறு இரண்டாவதில்தான். நோயாளியிடம் சம்மதப் படிவம் வாங்கி, கோப்புகளைப் புரட்டி, எக்செல் தாளில் விடுபட்ட எண்களை நிரப்பியவர் ஒரு பெண். வரைவு அவர் கைக்கு வருவதே இல்லை. 'எழுதவில்லையே' என்று சொல்லி நன்றியுரையில் ஒரு வரி போட்டுவிடுகிறார்கள். முதல் தகுதி உள்ளவருக்கு வரைவைக் காட்டாமல் வைத்து, அதையே காரணமாக்கி அவரை நீக்கக் கூடாது என்று அதே விதியில் எழுதியிருக்கிறது. அந்த வரியை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை என்பது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

ஆகவே ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் போகும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: யார் எந்த வேலை, முதல் பெயர் யாருடையது, கடைசிப் பெயர் யாருடையது, வேலை கைமாறினால் வரிசை எப்படி மாறும். எல்லோரும் கையெழுத்திட்டுத் தேதி போடுங்கள். தரவு திரட்டி முடிந்ததும் ஒரு தடவை, இதழுக்கு அனுப்பும் முன் ஒரு தடவை அதை எடுத்துப் பாருங்கள். மகப்பேறு விடுப்பையும் அதில் சேர்த்தே ஆக வேண்டும். அந்த விடுப்பு சில மாதங்கள் நீளும். இதழ்கள் திருத்தத்துக்குத் தரும் கெடுவோ பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் திருத்தியவர் முன்னால் வந்துவிடுகிறார். கெடுவை நீட்டச் சொல்லி இதழுக்கு எழுதினால் பொதுவாக ஒப்புக்கொள்வார்கள். அனுப்பிய பிறகு வரிசையை மாற்றவோ பெயரை நீக்கவோ கட்டுரையில் பெயருள்ள எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும், நீக்கப்படுபவருடையதும் சேர்த்து. தெரியாமல் கையெழுத்திட்டுவிடாதீர்கள்.

'இருவரும் சமம்' என்ற நட்சத்திரக் குறியை நம்பி இரண்டாம் இடத்துக்கு ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். பிற கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் நட்சத்திரம் வராது; ஆறு பேருக்குமேல் போனால் பல இதழ்களில் மீதிப் பெயர்களும் வராது.

இன்னொன்று, நம் பெண்களுக்கே உரியது. 'எஸ். பிள்ளை', 'கே. கோவிந்தர்' என்று எத்தனையோ பேர் இருக்கும் ஊர் இது. கல்யாணத்துக்குப் பின் குடும்பப் பெயரும் மாறினால் பழைய கட்டுரைகள் வேறொருவருடையவைபோல் ஆகிவிடும். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணை இலவசமாகப் பெற்று, முதல் கட்டுரையிலிருந்தே அதை இணையுங்கள். பழைய பெயரையும் அந்தக் கணக்கிலேயே பதியலாம்.

மருத்துவ ஆய்வுத் துறை வாசகர்கள்,
டர்பன்