ராயக்கோட்டை மலையடிவாரத்து மக்களுக்கு ஒரு நன்றி மடல்

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கும், தேநீர்க் கடை அண்ணனுக்கும், தக்காளி மண்டியில் மூட்டை தூக்கும் தம்பிகளுக்கும், 108 வண்டியில் வந்த இருவருக்கும் வணக்கம்.

ஐப்பசிப் பௌர்ணமி அன்று ராயக்கோட்டைக் கோட்டை மலையில் மாட்டிக்கொண்ட நான்கு பேரில் நானும் ஒருவன். என் தம்பி, அவனுடைய 11 வயது மகன், எங்கள் நண்பர் ஒருவர், நான். நீங்கள் எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நாங்களும் உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமலே வந்துவிட்டோம். அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் தவறை ஒப்புக்கொள்கிறேன். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கோட்டை. பொழுது சாய்ந்த பிறகு அங்கே நின்றதே தப்பு. நிலா வெளிச்சத்தில் இறங்கினால் பையனுக்கு வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும் என்று திட்டம் போட்டோம். 1791ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் கௌடியின் படை திப்புவிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்த கதையை இடிந்த மதில் மேல் உட்கார்ந்து அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் போனது தெரியவில்லை. நிலா மேகத்துக்குள் போய்விட்டது. நம் ஊரில் சூரியன் மறைந்தால் அரை மணி நேரத்துக்குள் கண் தெரியாத இருட்டு வந்துவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

அம்மா, ஏறும்போதே நீங்கள் சொன்னீர்கள்: "மழை பெஞ்ச பாறை சாமி, இருட்டறதுக்குள்ள இறங்கிடுங்க." சரிங்கம்மா என்று தலையாட்டிவிட்டுப் போனோம்.

இறங்கும்போது வழி தவறிவிட்டது. போன் வெளிச்சம் இரண்டு அடிக்குத்தான் வந்தது. அதற்கு அப்பால் பாறை எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. பாசி படிந்த ஒரு சரிவில் தம்பி வழுக்கி விழுந்தான். கணுக்கால் திரும்பிக் கிடந்தது. அப்போது மணி ஏழேகால். 108க்குப் பேசினோம், அடிவாரத்துக்கு வந்துவிடுவதாகச் சொன்னார்கள். அடிவாரம் வரை எப்படிப் போவது என்பதற்குத்தான் எங்களிடம் பதில் இல்லை. தூறலும் ஆரம்பித்தது. பையன் அழவில்லை, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கீழே மூன்று டார்ச் வெளிச்சங்கள் தெரிந்தபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. 108 ஆட்கள்தான் வழி தேடி வருகிறார்கள் என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, நாங்கள் போனை எடுப்பதற்கு முன்பே கீழே ஊர் கிளம்பத் தொடங்கியிருந்தது. அம்மா ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போய், "ஏறுனது நாலு பேரு, ஒருத்தரும் இறங்கலை" என்று சொல்லியிருக்கிறார். ஆட்டை எண்ணுவது போல எங்களையும் எண்ணி வைத்திருந்தீர்கள், அம்மா. நாங்கள் போகிறபோக்கில் தலையாட்டிய ஒருவர், எங்களைக் கணக்கில் வைத்திருந்தார்.

கடைக்கார அண்ணன் கடையை அப்படியே விட்டுவிட்டு மண்டிக்கு ஓடியிருக்கிறார். விடியற்காலை லோடு ஏற்ற வேண்டிய தம்பிகள் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார்கள், லாரியில் கட்டும் கயிறும், சாக்குகளும், இரண்டு மூங்கிலும் எடுத்துக்கொண்டு. "இருக்கிற இடத்துலயே உக்காருங்க, ஒரு அடிகூட எடுத்து வைக்காதீங்க, பேசிக்கிட்டே இருங்க" என்று கீழேயிருந்து ஒரு குரல் கத்திக்கொண்டே வந்தது. எங்கள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் மேலே வந்தார்கள். அந்தக் குரல் வந்திருக்காவிட்டால் நான் உதவி தேடித் தனியாக இறங்கியிருப்பேன். காலையில் அதே சரிவைப் படத்தில் பார்த்தேன். நான் இறங்க நினைத்த பக்கம் பாறை செங்குத்தாக முடிகிறது.

சாக்கை மூங்கிலில் கட்டி டோலி செய்தீர்கள். செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். ஈரப்பாறையில் வெறுங்கால்தான் பிடிக்கும் என்றீர்கள். சரிவான இடங்களில் தோளில் தூக்காமல், உட்கார்ந்தபடியே கைமாற்றிக் கைமாற்றி என் தம்பியை இறக்கினீர்கள். உங்களில் முன்னால் இருந்தவர் முகத்தை எங்கள் பக்கம் வைத்துப் பின்பக்கமாகவே இறங்கினார். இன்னொருவர் பையனைத் துண்டால் முதுகில் கட்டிக்கொண்டார். அடிவாரம் வந்து சேர மணி பன்னிரண்டரை. அதுவரை காத்திருந்த 108 ஊழியர்கள் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஓட்டுநர் வண்டியை ஊர விட்டதை என் தம்பி இன்றும் சொல்கிறான்.

பணம் நீட்டினேன். அதற்காக மன்னியுங்கள். "பையனுக்குச் சூடா பால் வாங்கிக் குடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு மண்டிப் பக்கம் நடந்தீர்கள். தூங்க இரண்டு மணி நேரம் கிடைத்திருக்குமா?

தம்பிக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. காலில் தகடு வைத்திருக்கிறார்கள். ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிவிட்டான்.

அம்மா, குளிரில் நடுங்கிய அவன் மேல் நீங்கள் போர்த்திய கறுப்புக் கம்பளி எங்களிடம்தான் இருக்கிறது. துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து வைத்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேரும் அதை எடுத்துக்கொண்டு வருகிறோம். மலைக்கு அல்ல, உங்கள் வீட்டுக்கு. பொழுதோடு வந்துவிடுவோம்.

நன்றியுடன்,
தருமபுரியிலிருந்து அந்த நான்கு பேர்