வாகைக்குளத்துக்கு டீசல் டக் வாங்காதீர்கள்

வாகைக்குளம் (தூத்துக்குடி) விமான நிலைய நிர்வாகத்துக்கும் இந்திய விமான நிலைய ஆணையத்துக்கும்,

அய்யா, வணக்கம். பாளையங்கோட்டைக்காரன் எழுதுகிறேன். வளைகுடாவில் பதினாறு வருஷம் புஷ்பேக் டிரைவராக, அதாவது விமானத்தைப் பின்னால் தள்ளுகிற டக் என்னும் இழுவை வண்டியை ஓட்டுபவனாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். "பிளேனுக்கு ரிவர்ஸ் கெடையாதோ அண்ணாச்சி?" என்று டீக்கடையில் இன்னமும் கேட்கிறார்கள். சக்கரத்தில் மோட்டாரே கிடையாது. தரையிலும் எஞ்சின் தள்ளித்தான் அது நகரும். டெர்மினல் முன்னால் நிற்பதை எஞ்சினைத் திருப்பி ஊதிப் பின்னால் எடுத்தால் கண்ணாடி ஒன்றும் மிஞ்சாது. அதற்குத்தான் டக்.

ஏடிஆர் மாதிரிச் சின்ன புரொப்பெல்லர் விமானம் இடம் இருந்தால் தானே வளைந்து வெளியேறிவிடும். முன்பிருந்த 1,350 மீட்டர் ஓடுபாதைக்கு அதுவே போதும். இப்போது பாதை 3,115 மீட்டர். 2025 ஜூலையில் திறந்த டெர்மினலோடு ஏ321 என்கிற பெரிய ஜெட் விமானம் நிற்க ஐந்து இடம் வந்திருக்கிறது. நிறை எடையில் அது 90 டன்னுக்கு மேல். இனி டக் இல்லாமல் ஆகாது. வாங்கும்போதே பேட்டரியில் ஓடுவதாக வாங்குங்கள் என்பதுதான் என் விண்ணப்பம்.

டீசல் டக் இழுக்கிற நேரத்தைவிடக் காத்துக் கிடக்கிற நேரம்தான் அதிகம். கதவு மூட வேண்டும், டவரில் அனுமதி வர வேண்டும். அதுவரை உறுமிக்கொண்டே நிற்கும். ஹெட்செட் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நடக்கிற பையன்தான் அவ்வளவு புகையையும் குடிப்பான். கிளம்பும்போது ஒரு வெட்டு வெட்டினால் டக்கையும் விமானத்தையும் இணைக்கும் டோபார் கம்பியில் ஷியர் பின் என்கிற ஆணி உடையும். மூக்குச் சக்கரத்தின் காலைக் காப்பாற்ற அது உடையத்தான் வேண்டும். ஆனால் உடைந்த அன்று எனக்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சமல்ல. கடைசி மூன்று வருஷம் எலெக்ட்ரிக் டக் கொடுத்தார்கள். டோபார் கொக்கி விழுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன். மோட்டார் நின்ற நிலையிலேயே முழு இழுவை கொடுப்பதால் தொட்டில் ஆட்டுவதுபோல மெதுவாக நகர்த்தலாம்.

பேட்டரி கனமாயிற்றே என்பார்கள். டக்குக்குக் கனம் வேண்டும் அய்யா! எடை இல்லாவிட்டால் டயர் வழுக்கும். டீசல் வண்டியில் அதற்கென்றே இரும்பை ஏற்றி வைத்திருப்பார்கள். வானத்தில்தான் கனம் பாரம். சக்கரத்திலேயே மோட்டார் வைக்கும் யோசனை இழுபடுவதும் அதனால்தான்: 2013 பாரிஸ் கண்காட்சியில் ஹனிவெல்லும் சஃப்ரானும் ஒரு ஏ320-ஐ அப்படி ஓட்டிக் காட்டியும் விற்பனைக்கு வரவில்லை.

டாக்ஸிபாட் வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம். மூக்குச் சக்கரத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, விமானி தன் சுக்கானாலேயே ஓட்ட, ஓடுபாதை ஓரம் வரை கொண்டுபோய் விடுகிற வண்டி அது. 2019 அக்டோபரில் டெல்லியில் ஏர் இந்தியாவின் ஏ320 அப்படிக் கிளம்பியது. ஜெட் எஞ்சின் இரண்டும் தரையில் உருளும்போது நிமிடத்துக்குச் சுமார் 12 கிலோ எரிபொருள் குடிக்கும். வரிசையில் ஊர்ந்து போகிற டெல்லிக்கு அது லாபம். நம்ம ஊரில் எந்த வரிசை? அதுவும் டீசல் ஜெனரேட்டர் சுமக்கிற வண்டிதான்.

டக்கோடு நிறுத்திவிடாதீர்கள். நிற்கிற விமானத்துக்கு 400 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரையிலிருந்து கொடுத்தால் வால் பக்கத்துச் சின்ன எஞ்சினை அணைத்துவிடலாம். ஏடிஆரில் அதுவும் கிடையாது. புரொப்பெல்லரைப் பிடித்து நிறுத்திவிட்டு வலது எஞ்சினையே ஓட்டி கரண்ட் எடுப்பார்கள். அந்தக் கேபிளையும் டக் சார்ஜ் கேபிளையும் ஒரே குழியில் போட்டுவிடலாம். பிறகு கான்கிரீட்டை உடைப்பது பெரும் செலவு. சார்ஜ் போடும் இடத்துக்குக் கூரை அவசியம், சித்திரை வெயில் பேட்டரிக்கு ஆகாது. ஆனி ஆடியில் கயத்தாறிலும் பணகுடியிலும் காற்றாலை சுற்றுகிற சுற்றுக்கு நாலு டக் எம்மாத்திரம்?

பையன்களுக்குப் பழக்கிவிட ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள். விமானம் நிற்கிற பகுதியில் வண்டி ஓட்டுவதற்கான என் ஏர்சைடு லைசென்ஸ் காலாவதி ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க அது வேண்டாம்தானே?

இப்படிக்கு,
பழைய டக் டிரைவர் ஒருவன்