ஐந்தாமிடத்திலிருந்து முதலிடம்: ஃப்ரேனி சிறப்புப் பகுதிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்பின் ஆண்டு மலர் அச்சாகி வந்துவிட்டது. அதில் மேல்வகுப்புப் பிள்ளைகள் தயாரித்த ஃப்ரேனி ஷ்னைடர் சிறப்புப் பகுதியைப் பற்றித்தான் பலரும் விசாரிக்கிறார்கள். மலரின் கடைசிப் பக்கத்தில் "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. யார் எதைத் தந்தார்கள் என்று சொன்னால்தானே நன்றிக்கு அர்த்தம். பெயரைப் போடவேண்டாம் என்று அநேகமாக எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே பெயர்கள் இல்லை. அவரவருக்குத் தங்களைத் தெரியும்.

முதலில் அறியாதவர்களுக்காகச் சிறிது. ஃப்ரேனி ஷ்னைடர் ஒரு பனிச்சறுக்கு (ஸ்கீ) வீராங்கனை; இங்கே சுவிற்சர்லாந்தில், கிளாருஸ் மாநிலத்து எல்ம் கிராமத்தில் 1964 நவம்பரில் பிறந்தவர். சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியின் மகள். ஒவ்வொரு குளிர்காலப் பருவமும் தொடராக நடக்கும் உலகக் கிண்ணப் போட்டிகளில் 55 வெற்றிகள், ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம், உலகச் சம்பியன் போட்டிகளில் மூன்று தங்கம். 1995இல் ஓய்வுபெற்றார். விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னபோது பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் ஃபெடரரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். (அந்த மனிதரைப் பற்றி இனி எழுத என்ன இருக்கிறது?) ஒரேயொரு மாணவி ஃப்ரேனியின் பெயரைச் சொன்னாள். அவளே ஒரு கேள்வியையும் கொண்டுவந்தாள்: "ரீச்சர், இவ முதல் ஓட்டத்தில அஞ்சாவதா வந்திட்டுப் பிறகு எப்பிடித் தங்கம் எடுத்தவ?"

அந்தக் கேள்விதான் சிறப்புப் பகுதி முழுவதும். ஸ்லாலம் என்பது மலைச்சரிவில் நட்ட கம்பங்களுக்கிடையே (அவற்றை வாயில் என்பார்கள்) வளைந்து வளைந்து இறங்கும் பந்தயம்; வாயில்கள் இன்னும் விலகி நின்றால் அது ஜயண்ட் ஸ்லாலம். இரண்டு தடவை ஓடி, இரண்டு நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. 1988இல் கனடாவின் கல்கரி ஒலிம்பிக்கின் ஜயண்ட் ஸ்லாலத்தில் ஃப்ரேனி முதல் ஓட்டம் முடிந்தபோது ஐந்தாமிடம். இரண்டாம் ஓட்டத்தில் எல்லோரையும் தாண்டித் தங்கம். ஆறு வருடம் கழித்து 1994இல் நோர்வேயின் லில்லஹாமர் ஒலிம்பிக்கில், ஸ்லாலத்தில், மறுபடி ஐந்தாமிடத்திலிருந்து தங்கம். இரண்டாவதாக வந்த ஒஸ்திரிய வீராங்கனையைவிட 0.34 விநாடி முன்னால். ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம் எனலாம். இரண்டு முறை நடந்ததை அப்படித் தள்ளிவிட முடியாது. எனக்கு விடை தெரியாது. நான் பிறந்த ஊரில் பனி என்றால் மார்கழி விடிகாலைப் பனிதான். ஆகவே ஆட்களைத் தேடிப்போனோம்.

ஸ்கீ பட்டறை வைத்திருக்கும் ஐயாவுக்கு முதல் நன்றி. பருவம் உச்சத்தில் இருக்கும் ஜனவரியில், கடை முழுக்க வாடிக்கையாளர் நிற்க, ஒரு சனிக்கிழமை மத்தியானத்தை எங்கள் பிள்ளைகளுக்கு ஒதுக்கினார். ஒரு ஸ்கீ பலகையை இடுக்கியில் இறுக்கி, அதன் இரும்பு விளிம்பை அரத்தால் ஒரே சீராக, நுனியிலிருந்து வால்வரை இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் மயிரிழை போன்ற இரும்புத் துகள் சுருண்டு விழுந்தது. பிறகு வைரத்தூள் பதித்த கல்லால் பிசிறு எடுத்தார். கடைசியில் தன் பெருவிரல் நகத்தை விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்தார். நகத்திலிருந்து வெள்ளைத் தூள் சீவி வந்தது. "இப்போதுதான் சரி" என்றார். கூட வந்திருந்த ஒரு பிள்ளையின் அம்மம்மா, "அரிவாளுக்குச் சாணை பிடிக்கிற மாதிரித்தான்" என்று சொல்லிச் சிரித்தார். அதை ஜெர்மனில் சொல்லிக் கொடுத்ததும் ஐயா அவரையும் ஒரு இழுப்பு இழுக்கவிட்டார்.

அவர் சொன்னதில் முக்கியமானது இது. ஸ்லாலம் தடத்தில் ஒவ்வொருவரும் ஒரே வளைவில் திரும்புவதால் அங்கே பள்ளம் விழுந்துகொண்டே போகும். அதைத் தடுக்கத் தடத்தைப் பனிக்கட்டியாக இறுக்கிவிடுகிறார்கள். அந்த இறுக்கத்தில் விளிம்பு பிடிக்கவில்லை என்றால் எவ்வளவு திறமை இருந்தும் வழுக்கல்தான். ஃப்ரேனியின் காலத்தில் பலகைகள் ஆளைவிட உயரமானவை, நேரானவை. இன்று பெண்கள் ஸ்லாலத்துக்கு 155 சென்ரிமீற்றர் போதும். நடுப்பகுதி ஒடுங்கிய பலகை தானாகவே வளைந்து திரும்பும். அன்றைக்கு வளைவைக் காலும் இடுப்பும்தான் உண்டாக்க வேண்டும். கடையின் மூலையில் தூசி தட்டி எடுத்த ஒரு பழைய பலகையை உயரமான பையன் பக்கத்தில் நிறுத்திக் காட்டியதும் பிள்ளைகளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

மீதிப் பாதியை விளங்கவைத்தவர் ஸ்கீ பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஸ்லாலத்தில் இரண்டு ஓட்டமும் ஒரே தடம் அல்ல என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. முதல் ஓட்டம் முடிந்ததும் வாயில்களைப் பிடுங்கி வேறு அமைப்பில் நடுகிறார்கள். அந்தப் புதுத் தடத்தில் ஒருதடவைகூட ஓடிப்பார்க்க முடியாது. ஓரமாக மெல்ல இறங்கி, வாயில்களைப் பார்த்து மனப்பாடம் செய்யத்தான் அனுமதி. எங்கே மூன்று வாயில் நேர்கோட்டில் நிற்கிறது, எங்கே திடீரென்று அகலமாகத் திரும்புகிறது, எங்கே மேடு மறைக்கிறது எல்லாம் தலைக்குள் ஏறிவிட வேண்டும். அவர் எங்கள் வகுப்பு மண்டபத்தில் நாற்காலிகளையும் பிளாஸ்டிக் கூம்புகளையும் வளைத்து வளைத்து வைத்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அரை நிமிடம் பார்த்துவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். முதல் ஆறு பேரும் நாற்காலியில் இடித்தார்கள். அடம்பிடித்து மறுபடி நடந்தவர்களில் இரண்டு பேர் கடைசிவரை போனார்கள். அதில் ஒருத்தி கணக்கில் எப்போதும் பின்னுக்கு நிற்பவள். அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஃப்ரேனி எதனால் இரண்டாம் ஓட்டத்தில் மேலே வந்தார் என்பதற்கு அந்தப் பயிற்றுநர் ஒரு விடையைத் தந்தார், அறுதியிட்டு அல்ல, தன் கணிப்பாக. முன்னுக்கு நிற்பவர் பாதுகாப்பாக ஓடப் பார்ப்பார். அரை விநாடி பின்தங்கியவருக்குக் காக்க ஒன்றும் இல்லை. ஆனால் அப்படிப் பாய்கிறவர்களில் பலர் வாயில் தவறி வெளியேறிவிடுவார்கள். ஃப்ரேனி பாயவும் செய்தார், நின்றும் முடித்தார். கல்கரி ஜயண்ட் ஸ்லாலத்தின் முதல் ஓட்டத்தில் முன்னணியில் நின்ற ஸ்பானிய வீராங்கனை இரண்டாம் ஓட்டத்தில் விழுந்துவிட்டார் என்பதையும் அவர்தான் நினைவுபடுத்தினார். இரண்டு நாள் கழித்து ஸ்லாலத்தில் ஃப்ரேனி எடுத்த தங்கத்துக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. 1.68 விநாடி வித்தியாசம். ஸ்லாலத்தில் அது ஒரு யுகம்.

அந்தக் கல்கரிப் போட்டி இரவைப் பற்றிச் சொன்ன மூதாட்டிக்கும் நன்றி. கனடாவில் பகல், இங்கே இராச்சாப்பாட்டு நேரம். உருளைக்கிழங்கு அடுப்பில் கருகியதைக்கூடக் கவனிக்காமல் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றதாகச் சொன்னார். அவர் சேர்த்து வைத்திருந்த பழைய பத்திரிகைகள் இல்லாவிட்டால் எங்கள் மலரில் படங்களைப் பார்த்து வரைந்த ஓவியங்களே இருந்திருக்காது.

1988–89 பருவத்தை எழுதிய இரண்டு பையன்களுக்கு நூலகத்தில் உதவியவர்களையும் மறக்கக்கூடாது. ஒரே பருவத்தில் 14 வெற்றிகள். அதில் நடந்த ஏழு ஸ்லாலமும் அடங்கும். அதற்கு முன் சாதனை சுவீடனின் இங்கமார் ஸ்டென்மார்க் வைத்திருந்த 13. முப்பது வருடம் நின்ற ஃப்ரேனியின் எண்ணை 2018–19இல் அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் 17 வெற்றிகளோடு தாண்டினார். இந்தப் பக்கம் எண்களால் நிரம்பிக் கிடக்கிறது, எனக்குக் கொஞ்சம் வரட்சியாகத்தான் படுகிறது. பையன்களுக்கோ அதுதான் மலரிலேயே சிறந்த பக்கம்.

இரசாயனம் படிக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் பெட்டிச் செய்தி ஒன்று எழுதித் தந்தார். தடம் இளகும்போது அதில் உப்புத் தூவுவார்கள். வீதியில் பனியைக் கரைக்கப் போடும் அதே உப்பு மலையில் பனியை இறுக்குகிறதே, எப்படி? உப்புப் பட்ட இடத்தில் பனி கொஞ்சம் கரையும். கரைவதற்கான வெப்பத்தைப் பக்கத்துப் பனியிலிருந்தே எடுக்கும். அதனால் எஞ்சியது குளிர்ந்து கெட்டியாகிவிடும். தம்பி, இதை என் வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது.

எல்முக்குப் போன நாளைப் பற்றிப் பிள்ளைகள் விரிவாக எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்குகிறேன். ஷ்வான்டன்வரை ரயில், பிறகு பஸ், பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் ஊர். மலைத்தொடரில் மார்ட்டின்ஸ்லொக் என்ற துவாரம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில நாட்களில் சூரியன் அதற்குள்ளால் புகுந்து எல்ம் தேவாலயத்தில் விழுமாம். ஃப்ரேனி ஓய்வுக்குப் பிறகும் அந்த ஊரிலேயே இருந்து கடையும் ஸ்கீப் பள்ளியும் நடத்தியவர். அவருடைய கதவைத் தட்டுவதில்லை என்று புறப்படும்போதே முடிவெடுத்திருந்தோம். ஓய்வுபெற்ற மனிதரை இருபது பிள்ளைகளோடு போய்ச் சூழ்வது மரியாதை அல்ல. ஆனால் வழியில் நாங்கள் விசாரித்த ஊர்க்காரர்கள் காட்டிய பொறுமைக்கும், பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஊர் எலுமிச்சைச் சோடா வாங்கிக் கொடுத்த பெரியவருக்கும் எங்கள் வணக்கம்.

தாய்மார் அதிகம் பேசியது வேறொரு பக்கத்தை. ஃப்ரேனிக்குப் பதினாறு வயதில் தாய் இறந்துபோனார். வீட்டுப் பொறுப்பில் பெரும்பங்கு அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்தது. சமையலும் கழுவலும் ஒருபக்கம், பயிற்சி மறுபக்கம். 1984 டிசெம்பரில் முதல் உலகக் கிண்ண வெற்றி வந்தபோது வயது இருபது. பட்டறையில் அரம் பிடித்த அந்த அம்மம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினோம். "தாயில்லாப் பிள்ளை, அடுப்படியையும் பார்த்துக்கொண்டெல்லோ ஓடியிருக்கிறா" என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே தலைப்பாகப் போட அனுமதித்ததற்கு அம்மம்மாவுக்கு நன்றி.

பிரான்சின் அல்பேர்வில் ஒலிம்பிக், 1992. முதுகுத் தொல்லை. பதக்கம் இல்லை. அந்தப் பக்கத்தைச் சரிபார்த்துத் தந்த உடற்பயிற்சி வைத்தியர் அக்கா, முள்ளந்தண்டுத் தட்டு விலகினால் ஸ்லாலம் ஓடுவது எவ்வளவு கடினம் என்பதைப் பிள்ளைகளைக் குனியவைத்துத் திருப்பியே காட்டினார். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் கழித்து, 29 வயதில், லில்லஹாமரில் மூன்று நிறத்திலும் பதக்கம்: ஸ்லாலத்தில் தங்கம், வேக இறக்கமும் ஸ்லாலமும் சேர்ந்த இணைப்புப் போட்டியில் வெள்ளி, ஜயண்ட் ஸ்லாலத்தில் வெண்கலம்.

சிறப்புப் பகுதியின் கடைசிப் பக்கம் 1995 மார்ச், இத்தாலியின் போர்மியோ. பருவத்தின் கடைசிப் போட்டி ஒரு ஸ்லாலம். அதில் ஃப்ரேனி வென்றார். மொத்தப் புள்ளியில் ஜெர்மனியின் கட்யா சைற்சிங்கரை 1248க்கு 1242 என்று ஆறே புள்ளியால் முந்தி பருவம் முழுவதுக்குமான ஒட்டுமொத்த உலகக் கிண்ணத்தை மூன்றாவது முறையாக எடுத்தார். முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 80. இரண்டாவதாக வந்திருந்தால் கிண்ணம் ஜெர்மனிக்குப் போயிருக்கும் என்பதைக் கரும்பலகையில் கழித்துக் காட்டியவள் யார் தெரியுமா? கண்ணைக் கட்டிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே கடைசிவரை நடந்த அதே பிள்ளை. அடுத்த மாதமே ஃப்ரேனி ஓய்வை அறிவித்தார். உச்சியில் நின்றுகொண்டே இறங்கிப்போன அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

"தமிழ் மலரில் சுவிஸ்காரிக்கு ஏன் பன்னிரண்டு பக்கம்?" என்று ஒருவர் கேட்டார். பிள்ளைகள் பிறந்தது இங்கே. பக்கத்து ஊர்க்காரியைப் பற்றித் தமிழில் எழுதினார்கள். அவ்வளவுதான் அண்ணை. கேட்டாலும், கடைசியில் அச்சுச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டவரும் நீங்கள்தான், அதற்கும் நன்றி.

ஒப்புக்கொண்ட அச்சகம் கடைசி வாரத்தில் கையை விரித்தபோது இரவிரவாகப் பக்கங்களை வடிவமைத்து வேறிடத்தில் அச்சேற்றிய தம்பிமார், வெளியீட்டு நாளில் ரோல்ஸும் இடியப்பமும் கொண்டுவந்த அன்ரிமார், எழுத்துப்பிழை பார்த்த பண்டிதர் ஐயா ஆகியோருக்கும் நன்றி.

மலரின் மிச்சப் பிரதிகள் வகுப்பு அலமாரியில் இருக்கின்றன. வேண்டியவர்கள் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம். பத்திரிகைக் கட்டைத் தந்த மூதாட்டிக்கு மலரை இந்த வாரமே நேரில் கொண்டுவந்து தருகிறோம். ஜெர்மன் சுருக்கம் ஒன்றையும் பிள்ளைகள் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள்.

அன்புடன்,
மேல்வகுப்பு ஆசிரியையும் மாணவரும்