தமிழ் இணைய இதழ்களின் ஆசிரியர்களுக்கும் அவற்றின் தளங்களை வடிவமைப்போருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மலையடிவார ஊரொன்றின் அரசுப் பள்ளியில் நான் வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் வகுப்பறைக்கு இணையம் எட்டுவதில்லை. ஆகவே உங்கள் இதழ்களில் வரும் கட்டுரைகளை வீட்டில் சேமித்து, பென்டிரைவில் கொண்டுசென்று மாணவர்களுக்குக் காட்டுவது என் வழக்கம். சென்ற பருவத்தில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிய ஒரு கட்டுரையை அவ்வாறு எடுத்துச் சென்றேன். குடவோலை முறையின் விதிகள் கோயில் சுவரில் எப்படி வெட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும் என்பதே என் விருப்பம். கோப்பைத் திறந்தபோது கட்டுரையின் எழுத்து முழுவதும் இருந்தது. படங்கள் இருக்க வேண்டிய 11 இடங்களிலும் சாம்பல் நிறக் கட்டங்களே இருந்தன.

பிழை என்னுடையது என்றே முதலில் எண்ணினேன். முழுப் பக்கத்தையும் சேமிக்கச் சொன்னால், உலாவி ஓர் எச்டிஎம்எல் கோப்பையும் படங்கள் அடங்கிய கோப்புறை ஒன்றையும் தனித்தனியே உண்டாக்கும். கோப்புறையை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் நகலெடுத்தவர்கள் படங்களை இழப்பார்கள். நானோ இரண்டையும் எடுத்துச் சென்றிருந்தேன். வீடு திரும்பிப் பக்கத்தின் மூலநிரலைப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. படத்தின் முகவரி இருக்க வேண்டிய 'எஸ்ஆர்சி' என்னும் இடத்தில் வெற்றுப் படம் ஒன்றின் முகவரி இருந்தது. உண்மையான முகவரி வேறோரிடத்தில் வைக்கப்பட்டு, வாசகர் அந்தப் பகுதிவரை உருட்டி வந்த பின்னரே, உலாவிக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் வழியாக இடம் மாற்றப்படுகிறது. உருட்டாமல் சேமித்தவருக்குக் கட்டங்களே மிச்சம்.

பக்கம் விரைவாகத் திறக்க வேண்டும், வாசகரின் டேட்டா வீணாகக் கூடாது என்னும் உங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு இந்த வழி இப்போது தேவையில்லை. தேவைப்படும்போது மட்டும் படத்தை ஏற்றும் வசதியை 2019 முதல் குரோம் தானே தருகிறது. பிற உலாவிகளும் பின்னர் அதை ஏற்றுக்கொண்டன. படத்துக்கான நிரல்வரியில் 'லோடிங்' (loading) என்ற பண்பில் 'லேஸி' (lazy) என்று குறித்தால் போதும், உண்மையான முகவரி அதற்குரிய இடத்திலேயே இருக்கும்.

வலது சொடுக்கையும் சேமிக்கும் குறுக்குவிசையையும் முடக்கி வைத்திருக்கும் தளங்களுக்கும் ஒரு சொல். கட்டுரைகள் திருடப்படும் வேதனை உண்மையானது. எனினும் திருட வருபவர் இந்தத் தடையை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுகிறார். தடுக்கப்படுவது விவரம் அறியாத வாசகர் மட்டுமே.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் தளத்துக்குத் தளம் வேறு வேறு எழுத்துருக் குறியீடுகள் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். அக்காலத்தில் நான் சேமித்த பக்கங்கள் பலவற்றில், எழுத்துரு உடன் வராததால், இன்று பொருளற்ற ரோமன் எழுத்துகளே தெரிகின்றன. அவற்றின் மூலத் தளங்கள் சில மறைந்தும் போயின. படங்களுக்கும் அந்த நிலை வர நாம் இடம் கொடுக்க வேண்டாம்.

இறுதியாக ஒரு சிறு வேண்டுகோள். கட்டுரை வெளியான நாளையும் அதன் இணைய முகவரியையும் பக்கத்தின் அடியில் எழுத்தாகவே அச்சிடுங்கள். சேமித்த பக்கத்தைப் பார்க்கும் மாணவர், "இதை எப்போது எழுதினார்கள், ஐயா?" என்று கேட்கும்போது, நான் அந்த இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியர்