சனிக்கிழமை ஜெபம் – பிளஸ் டூ பிள்ளைங்க, பெற்றோர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம் 🙏 வர்ற சனிக்கிழமை காலைல 10 மணிக்கு சர்ச் ஹால்ல பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்களும் பெத்தவங்களும் சேர்ந்து ஜெபம், எந்த காலேஜ் எந்த கோர்ஸ்னு கர்த்தரோட நடத்துதலுக்காக, 12.30க்கு முடிச்சிரலாம்.

1. அப்போஸ்தலர் 16:6-15 வாசிச்சிட்டு வாங்க. வசனம் சொல்லப் போற பவுலுக்கு ஆசியாவும் (இன்னைக்கு சொல்ற கண்டம் இல்ல, அப்போ இருந்த ரோம மாகாணம்) தடை, பித்தினியாவும் தடை, துரோவாவுக்கு வந்தப்புறம்தான் ராத்திரி தரிசனத்துல மக்கெதோனியாக்காரன் கூப்பிடுறான், அங்க பிலிப்பி பட்டணத்து ஆத்தங்கரையில வசனத்த கேட்டு ஏத்துக்கிட்டது இரத்தாம்பரம் (விலை உயர்ந்த ஊதா துணி) விக்கிற லீதியாள். கிடைக்காத சீட்ட நினைச்சு புலம்புறவங்க ரெண்டு தடவ வாசிங்க 😄
2. பிள்ளைக்கு பிடிச்ச கோர்ஸ் ஒரு பேப்பர்ல, உங்களுக்கு பிடிச்சது தனி பேப்பர்ல. பிள்ளை பேப்பர நீங்க எழுதாதீங்க.
3. சீட்டு குலுக்கிப் பாக்குறது, கண்ண மூடி பைபிள திறந்து விரல் வைக்கிறது இதெல்லாம் ப்ளீஸ் வேணாம். ஜெபமும் பண்ணுங்க, டீச்சர்கிட்டயும் விசாரிங்க, கவுன்சிலிங் சாய்ஸ் குடுக்குற கடைசி தேதிய விட்டுட்டு கர்த்தர் இன்னும் பேசலன்னு சொன்னா எப்படி?
4. பைபிள், பேனா. டீ உண்டு.

எத்தன பேர் வர்றீங்கன்னு வெள்ளி சாயங்காலம் 6க்குள்ள இங்கயே போடுங்க, வெறும் ஆமென் போட்டா டீக்கு கணக்கு எடுக்க முடியல.