ரிம்முக்கும் தோலுக்கும் சூடு பார்த்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

நுவரெலியாவிலிருந்து ஹட்டன் வரை சைக்கிளில் வந்து, மாலையில் தோட்டத்துக் கோயில் திடலில் தப்பு மேளமும் பாட்டும் கேட்டுக் கலைந்த அந்த மாசி ஞாயிற்றுக்காக இந்த மடல். "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரி எழுதிக் கடைச் சுவரில் ஒட்டிவிடலாம்தான். ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பது அதில் வராது. அடுத்த மாசியில் இதையே செய்ய நினைக்கிறவர்கள் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டிவரும். ஆகவே கொஞ்சம் நீட்டியே எழுதுகிறோம்.

முதல் நன்றி சைக்கிள் கடை ஐயாவுக்கு. சவாரிக்கு முதல் நாள் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, வேறு வேலை எதையும் கையில் எடுக்காமல், இருபத்துச் சொச்சம் சைக்கிளையும் ஒவ்வொன்றாகத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தார். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நானுஓயாவைத் தாண்டித் தலவாக்கலைக்கு வரும்போது 600 மீற்றருக்கு மேல் இறங்கியாயிற்று. ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 400 மீற்றர் இறக்கத்திலும் கிடைக்கிற சக்தி ஒரு லீற்றர் பச்சைத்தண்ணீரைப் பிளேன்டிக்கு (பால் சேர்க்காத தேநீர்) கொதிக்க வைக்கப் போதும். அதில் கொஞ்சத்தைக் காற்று தின்றுவிடும். மிச்சம் முழுவதும் இரண்டு ரிம்மிலும் நாலு பிரேக் கட்டையிலும் சூடாகத்தான் இறங்கும். சவாரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். இறக்கத்தைப் பற்றிக் கேட்டவர் ஐயா ஒருவர்தான்.

பிரேக் கட்டைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, தையல் ஊசியால் கிண்டினார். ஒவ்வொன்றிலிருந்தும் ரவைப் பருக்கை அளவில் இரண்டு மூன்று அலுமினியத் துணுக்குகள் வந்தன. ரிம்மிலிருந்து உரிந்து, ரப்பருக்குள் புதைந்து, அங்கிருந்தே ரிம்மைக் கோடு கோடாகச் சீவுகிற துணுக்குகள் அவை. ஈர மணலில் ஓடிய சைக்கிள்களில் இன்னும் அதிகம். கிண்டிய பிறகு உப்புத்தாளில் நாலு இழுப்பு. திரும்பப் பூட்டும்போது கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் இடையில் பிஸ்கட் பெட்டி அட்டைத் துண்டு ஒன்றை வைத்து இறுக்கி, அட்டையை உருவி எடுத்தார். அப்போதுதான் முன்முனை முதலில் தொடும், பிரேக் கீச்சிடாது. ஒரு மில்லிமீற்றர் போதும். அதற்கு மேல் சாய்த்தால் கட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

டியூப் விஷயத்தில் ஐயா கறார். ஒட்டுப் போட்ட டியூப் முன்சக்கரத்தில் இருந்தால், எவ்வளவு நல்ல ஒட்டாக இருந்தாலும் கழற்றச் சொல்லிவிட்டார். ரிம் கொதித்தால் ஒட்டுப் பசையான சொலூஷன் இளகி ஒட்டு வாயைத் திறக்கும். பின்னால் காற்றுப் போனால் சைக்கிள் ஆடும், நிறுத்திக்கொள்ளலாம். வளைவில் முன்னால் போனால் ஹேண்டில் கைக்கு வராது. காற்றும் அப்படித்தான்: டயரில் 85 பி.எஸ்.ஐ. என்று போட்டிருந்தாலும் 70க்கு மேல் அடிக்கவில்லை. சூடு ஏற ஏற உள்ளே இருக்கிற காற்று தானாக உயரும், அதற்கு இடம் வேண்டும். அகலமான மலைச் சைக்கிள் டயர்களுக்கு 35 அடித்தார். கம்பி பிரேக் வைத்த பழைய லுமாலா சைக்கிள் மூன்றை மட்டும் தலவாக்கலை வரை லொறியில்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். உரியவர்களுக்கு முகம் கொஞ்சம் வாடியது. வாடினாலும் ஐயா சொன்னதே சரி.

அந்த லொறிக்காரத் தம்பிக்கு அடுத்த நன்றி. மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாக நுவரெலியா திரும்புகிற லொறி அது. சைக்கிள்களை அடுக்கிய விதம் குறித்துவைக்க வேண்டியது: ஒன்றின் தலை அடுத்ததன் வால் பக்கம் வரும்படி மாற்றி மாற்றி, இடையில் மடித்த சாக்கு, கியர் இருக்கிற வலப்பக்கம் எதன் மேலும் சாயாதபடி. கயிறு சட்டத்தில்தான் விழுந்தது, ஸ்போக் கம்பியில் ஒன்றுகூட இல்லை. மேலே போய் இறக்கியபோது ஒரு கியர்கூட வளைந்திருக்கவில்லை. டீசலுக்கு மேல் ஒரு சதமும் வாங்க மறுத்துவிட்டார்.

வளைவுகளில் நின்ற ஓட்டோ சாரதிமாருக்கும் அன்று அந்த வீதியில் ஓடிய பஸ் சாரதிமாருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், இடம் காணாது. குறுக்கு வழி செங்குத்து என்பதால் அதை விட்டுப் பிரதான வீதியிலேயே வந்தோம். நானுஓயாவிலும் லிந்துலையிலும் பத்து நிமிடம் கட்டாய நிறுத்தம். அங்கே நின்றவர்கள் வந்தவர்கள் எல்லோரிடமும் அலுக்காமல் ஒன்றையே சொன்னார்கள்: வளைவுக்கு முன்னால் இறுக்கிப் பிடி, வளைவுக்குள் போகும்போது விடு, இடையில் தடவிக்கொண்டே வராதே. லேசாகப் பிடித்தபடியே இறங்குகிறவர்தான் கவனமானவர் மாதிரித் தெரியும். ஆனால் ரிம் ஆறுவதற்கு அவர் ஒரு கணமும் கொடுப்பதில்லை. சூடு பார்க்க ரிம்மில் விரல் வைக்கக்கூடாது. டிஸ்க் பிரேக்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஊற்றினால் தட்டு நெளியும். இவ்வளவு சொல்லியும் ஒரு தம்பியின் பின் டியூப் லிந்துலைக்குக் கிட்ட வெடித்தது. பிரித்துப் பார்த்தால் ஒட்டுப் பாதி கழன்று தொங்கியது. ஐயா சொன்னதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தலவாக்கலைக்கு மேல் மறுபடி ஏற்றம். சென் கிளேயர் அருவி தெரிகிற வளைவில் படம் எடுக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும் என்று ஓட்டோ சங்கத்து அண்ணன்மார் முன்கூட்டியே கணித்து, வீதியை விட்டு உள்ளே தள்ளி ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். மேல் கொத்மலை மின் திட்டம் 2012இல் ஓடத் தொடங்கிய பிறகு அங்கே தண்ணீர் அளந்துதான் விழுகிறது. ஆனாலும் படத்துக்குக் குறைவில்லை. டெவன் அருவியைத் தாண்டிக் கொட்டகலை வரும்வரை, முன் கியர்ச் சக்கரத்தில் 34 பல்லும் பின்னால் 32 பல்லும் இருந்தவர்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். பின்னால் 25ஓடு வந்த இரண்டு பேர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள்.

அங்கே தேநீர்க்கடை அக்கா இல்லையென்றால் பாதிப் பேர் லொறியில்தான் வந்திருப்பார்கள். குளிரில் தாகம் தெரியாது, வியர்வை காற்றிலேயே காய்ந்துவிடும், உடம்பில் தண்ணீர் போனது கால் இழுக்கும்போதுதான் தெரியும். அக்கா கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு பக்கெட் என்ற கணக்கில் ஜீவனி உப்புக்கரைசல் தூள் கரைத்துவைத்திருந்தார். கண்ணளவில் கரைத்தால் வேலை செய்யாது என்று அளவுப் போத்தலே வாங்கியிருந்தார். அதற்குப் பிறகுதான் இஞ்சிப் பிளேன்டியும் ரொட்டியும் கட்டசம்பலும். முதலில் ரொட்டி கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை.

தோட்ட டிஸ்பென்சரியில் ஞாயிறு என்றும் பாராமல் காத்திருந்தவருக்கும் நன்றி. சிராய்ப்பு இரண்டுதான். இரண்டையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, தார்க்கல் ஒவ்வொன்றாக எடுத்த பிறகே மருந்து போட்டார். 1990 என்ற இலக்கத்து அம்பியூலன்சை அழைக்க நேரவில்லை.

இனி மாலை.

தப்புக் குழுவினருக்கு எழுதத்தான் இந்த மடலைத் தொடங்கினோம் என்றால் மற்றவர்கள் கோபிக்க மாட்டார்கள். பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் திரட்டுவது) ஆள் கூட்டவும், சாவு வீட்டிலும், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்திலும் மலையகத்தில் கேட்ட வாத்தியம் அது. மாசி மாதம் கூத்துக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். அதற்குள் ஒரு மாலையை எங்களுக்கு ஒதுக்கினார்கள். ரதி மதன் ஆட்டத்தில் ஒரு துண்டு ஆடிக் காட்ட முடியுமா என்று நாங்கள் கேட்டது தவறு. விரதமிருந்து காமன் பொட்டலில் ஆடுவதை மேடைக்கு வெட்டிக் கொடுக்க இயலாது என்று கூத்து வாத்தியார் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அடிகளை மட்டும் வாசித்தார்கள். அதுவே நிறைந்துவிட்டது.

மாலை ஆறு மணிக்குப் பனி இறங்கத் தொடங்கியதும் தப்பின் தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்துவிடும். "டண்" என்று வெட்ட வேண்டிய சத்தம் "தொப்" என்று விழும். திடலின் ஓரத்தில் இரண்டு சின்ன நெருப்புகள் போட்டார்கள். விறகு, தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கி இரண்டு வாரம் காயவைத்த மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி. பச்சை மிலாறு புகையும், புகையில் தோல் காய்வதற்குப் பதில் கரி பிடிக்கும். நாங்கள் உதவியாக நினைத்துக் கொண்டுவந்த யூகலிப்டஸ் இலையைத் தப்புக் குழுவின் பெரியவர் தொடவே விடவில்லை. அது குப்பென்று எரிந்து தோலைப் பொசுக்கிவிடும்.

அவர் தப்பைக் காய்ச்சியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நெருப்புக்கு ஒரு முழம் மேலே, தோல் கீழே பார்க்க, சட்டத்தைப் பிடித்து அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரே இடத்தில் நிறுத்தவில்லை. நடுத்தோல் சீக்கிரம் காயும், விளிம்பு மெதுவாகத்தான் காயும். ஆகவே விளிம்புக்குத்தான் அதிக நேரம். நாலு சுற்றுக்கு ஒரு தடவை புறங்கையைத் தோலில் வைத்துப் பார்த்தார். பிறகு விரல் நுனியால் நடுவில் ஒரு தட்டு, விளிம்பில் ஒரு தட்டு. இரண்டு சத்தமும் ஒட்டி வந்ததும் எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் வைத்தால் இன்னும் கூர்மையாகப் பேசுமே என்று ஒரு பையன் கேட்டதற்கு, "பேசும் தம்பி, பிறகு கிழியும்" என்றார்.

காய்ச்சிய தோல் அந்தக் குளிரில் கால் மணி நேரம்தான் நிற்கும். ஆகவே எட்டுத் தப்பில் ஐந்து மேடையில், மூன்று நெருப்பில். ஓர் அடி முடிந்து அடுத்ததற்குப் போகிற இடைவெளியில் ஒருவர் இறங்க ஒருவர் ஏறினார். கூட்டத்தில் பாதிப் பேர் இதைக் கவனிக்கவேயில்லை, அவ்வளவு சீராக நடந்தது.

இளைஞர் இசைக்குழுவுக்கும் ஒரு நன்றி, முக்கியமாக விட்டுக்கொடுத்ததற்கு. தப்புக்கு நிலையான சுருதி கிடையாது, சூட்டோடு ஏறும் குளிரோடு இறங்கும். அதனால் கீபோர்ட் தம்பி தப்போடு சேரும் இடங்களில் நீண்ட சுரங்களை விட்டுவிட்டுத் துண்டு துண்டாகவே வாசித்தார். ரிதம் பேட் வாசிப்பவர் கனத்த அடியை முற்றாக நிறுத்தினார். இரண்டும் சேர்ந்தால் ஒன்றும் கேட்காது என்பதை ஒத்திகையிலேயே பிடித்துவிட்டார்கள்.

சவுண்ட் செட் அண்ணன் ஐந்து தப்புக்கு இரண்டே மைக் வைத்தார், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு மீற்றர் தள்ளி. தப்புக்கு மைக் தேவையே இல்லை, அதைப் பாட்டோடு கலக்கத்தான் மைக். பாடுகிறவர் மைக்கை உதட்டோடு வைக்கச் சொன்னார், தள்ளிப் பிடித்தால் சத்தத்தைக் கூட்ட வேண்டிவரும், உடனே மைக் கூவும். ஒலிபெருக்கி பொக்ஸ் இரண்டையும் ஸ்டோர் தகரச் சுவர்ப் பக்கம் திருப்பாமல் தேயிலைச் சரிவுப் பக்கம் திருப்பியதுதான் பெரிய காரியம். 170 மீற்றருக்கு அப்பால் ஒரு தகரச் சுவர் இருந்தால் ஒவ்வோர் அடியும் ஒரு விநாடி கழித்துத் திரும்பி வரும், தாளம் குழம்பும். தேயிலைத் தூர் சத்தத்தைக் குடித்துக்கொள்ளும்.

ஒரு குறையும் உண்டு. வாடகைக்கு வந்த ஜெனரேட்டரில் 5 கிலோவொட் என்று எழுதியிருந்ததை அப்படியே நம்பினோம். இந்த உயரத்தில் காற்று மெலிவு, எஞ்சினின் பலம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறையும். முதல் பாட்டிலேயே விளக்கு மங்கியது. அண்ணன் மேடை விளக்கில் பாதியை அணைத்து, சுருட்டியபடியே கிடந்த வயர் ரீலை முழுவதும் விரித்துவிட்டார். சுருளாக இருந்தால் வயர் உள்ளேயே கொதித்து உருகும். கையில் பிடித்தபோது ஏற்கெனவே சுட்டது.

கோயில் கமிட்டியினருக்கும், ஒலிபெருக்கி அனுமதியை நேரத்தோடு தந்த பொலிஸாருக்கும் நன்றி. இரவு பத்துக்கு முன்னரே எல்லாம் அணைத்தாயிற்று.

பணத்தைப் பற்றி ஒன்று. தப்புக்காரருக்குப் போத்தலும் சோற்றுப் பார்சலும் போதும் என்கிற பழைய எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கீபோர்ட் வாசித்தவருக்கும் தப்பு அடித்தவருக்கும் ஆளுக்கு ஒரே தொகை, மேடை ஏறும் முன்பே உறையில் போட்டுக் கையில். அந்தத் தொகையைச் சேர்த்துத் தந்த கடைக்காரர்கள் பெயர் போட வேண்டாம் என்றார்கள். போடவில்லை.

திடலில் மிஞ்சியவை: கைப்பம்ப் ஒன்று, நீலநிறக் குழந்தைச் சுவெட்டர், முன்விளக்கு இரண்டு, தப்பு அடிக்கும் மூங்கில் சிம்பு ஒன்று. எல்லாம் சைக்கிள் கடையில் இருக்கின்றன. சிம்பு மட்டும் நெருப்புப் பக்கம் கிடந்ததால் நுனி கொஞ்சம் கருகியிருக்கிறது. உரியவர் வந்து பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சவாரிக் குழுவினர்
ஹட்டன்