மெஷினுக்கு முன் களம்

அன்புள்ள சேகர்,

செங்கோட்டை மர அறுவை மில்களில் குவியும் தூளை அழுத்தி, எரிக்கிற சின்னக் குச்சிகளாக, அதாவது பெல்லட்டாக்கப் போகிறாய் என்று படித்ததும் மனது நிறைந்தது. ஆனால் மெஷின் விலையை இரண்டு பக்கம் எழுதிய நீ, உலர்த்துவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பச்சை மரம் அறுத்த தூளில் 45 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொள். மெஷினுக்கு 12 சதவீதத்தில் வேண்டும். அப்படியானால் ஒரு டன்னில் 375 கிலோ தண்ணீர் வெளியேறி, 625 கிலோதான் மிஞ்சும். தூளுக்கு விலை பேசும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும். வெயில் காலத்தில் சிமென்ட் களத்தில் மெல்லப் பரப்பிக் கிளறிவிட்டால் காய்ந்துவிடும். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் களம் உதவாது. சூடேற்றும் டிரையர் வேண்டும். மண் தரையில் மட்டும் காயப்போடாதே. தூளை அழுத்தித் தள்ளும் துளைகள் உள்ள இரும்பு அச்சை, அதாவது டையை, மணல் தின்றுவிடும், பாய்லரிலும் சாம்பல் உருகிக் கட்டி பிடிக்கும்.

ஈரம் கூடினால் டை துளைக்குள் நீராவி கட்டிக்கொண்டு பெல்லட் வெடித்து, ஊதி வரும். ரொம்பக் காய்ந்திருந்தால் துளை அடைத்து மோட்டார் திணறும். 100 கிராம் தூளை 105 டிகிரி ஓவனில் எடை மாறாமல் நிற்கும்வரை வை. எத்தனை கிராம் குறைகிறதோ, அத்தனை சதவீதம் ஈரம்.

தனியாகப் பசை வேண்டாம். மரத்திலுள்ள லிக்னின் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகும். அதனால் ஆறாத பெல்லட்டை மூட்டை கட்டாதே. உள்ளே வியர்த்து உதிர்ந்துவிடும். தூளை நொறுக்கும் ஹாமர் மில்லுக்கு முன்னால் காந்தம் கட்டாயம். ஓர் ஆணி போதும், டை போய்விடும். உமி கலந்தால் மலிவு என்பார்கள், கேட்காதே. அதில் சாம்பல் 20 சதவீதத்துக்குப் பக்கம், பெரும்பாலும் மணலில் இருக்கிற அதே சிலிக்கா.

மெஷினை நிறுத்துமுன் எண்ணெய் பிசிறிய தூளைக் கொஞ்சம் ஊட்டிவிடு. துளைகளில் அது நின்றால் மறுநாள் தானாகத் தள்ளிக்கொண்டு வரும். வெறும் மரத்தூள் நின்றால் கல்லாக இறுகிவிடும். ஒவ்வொரு துளையாக டிரில் போட வேண்டியதுதான்.

ஆறிய பெல்லட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார். நன்றாக அழுந்தியது சட்டென்று அடியில் போய்விடும், பிறகு ஊறிப் பிரியும். மிதந்தால் அழுத்தம் போதவில்லை, டை துளையின் நீளம் குறைவு. தேக்குக்கும் சீமைக்கருவேலத்துக்கும் ஒரே டை சரிப்படாது.

எந்தெந்த மரம் என்று எழுதி, தூளைக் காற்றுப் புகாத கவரில் கட்டி அனுப்பு. டையை அதற்கப்புறம் ஆர்டர் செய்யலாம்.

அன்புடன்,
ராஜு